அந்த இரண்டு வாரப் பொய்: மே செய்தது துரோகமா?

கடைசிப்பக்கம்:
ஈடித் வார்ட்டனின் 'தி ஏஜ் ஆஃப் இன்னசென்ஸ்' நேற்று ராத்திரி முடித்தேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1870களின் நியூயார்க், பரம்பரைப் பணக்காரர்கள். நியூலண்ட் ஆர்ச்சர் என்ற இளம் வக்கீலுக்கும் மே வெலண்டுக்கும் நிச்சயம் ஆகியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேயின் மாமன் மகள் எலன், போலந்துப் பிரபுவான கணவனை விட்டுவிட்டு ஐரோப்பாவிலிருந்து திரும்பி வருகிறாள். ஆர்ச்சர் மனசு அவள் பக்கம் போய்விடுகிறது, கல்யாணத்துக்குப் பிறகும் திரும்பவில்லை. கடைசியில் எலன் திடீரென்று மறுபடி ஐரோப்பாவுக்கே கிளம்புகிறாள். ஏன்? மே அவளைத் தனியாகப் பார்த்து, தான் கர்ப்பமாக இருப்பது உறுதி என்று சொல்லியிருக்கிறாள். அப்போது அது அவளுக்கே உறுதியாகத் தெரியாது, தெரிந்தது இரண்டு வாரம் கழித்துத்தான். எலனுக்குத் தடபுடலாக வழியனுப்பு விருந்து கொடுத்துவிட்டு, அதே ராத்திரி புருஷனிடம் இதைச் சொல்கிறாள், நான் சொன்னது சரியாகிவிட்டது பாருங்கள் என்ற தொனியில். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. இதைவிடப் பெரிய துரோகம் கதையில் வேறு யார் செய்தார்கள்?

செவ்வந்தி:
துரோகமா? அக்கிரமமாக இருக்கிறதே. அப்படியானால் ஃப்ளோரிடா அத்தியாயத்தைத் தூக்கத்தில் படித்தீர்களா நண்பரே? கல்யாணத்துக்கு முன்னால் செயின்ட் அகஸ்டினில் இருக்கும்போது, உங்கள் மனதில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று மே நேராகவே கேட்கிறாள். இருந்தால் நான் விலகிக்கொள்கிறேன், இன்னொருத்திக்கு அநியாயம் செய்து என் வாழ்க்கை அமைய வேண்டாம் என்கிறாள். அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண், வெளியுலகமே தெரியாதவள் என்று ஆர்ச்சரே நினைத்துக்கொண்டிருந்த பெண், இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கதவை அகலத் திறந்து வைத்தாள். ஆர்ச்சர் என்ன செய்தான்? அவள் அவனுடைய பழைய தொடர்பு ஒன்றைத்தான் சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டு, யாரும் இல்லை என்று மழுப்பிவிட்டான். முதல் பொய் யாருடையது, சொல்லுங்கள்.

ரயில்சினேகம்:
நான் புத்தகம் படிக்கவில்லை, மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த 1993 படம் மட்டும்தான் பார்த்தேன். மேயாக நடித்த வினோனா ரைடர், கர்ப்பத்தைப் புருஷனிடம் சொல்லும் அந்தக் காட்சியில் சிரித்த முகத்தோடு எழுந்து வருவதைப் பார்த்து எனக்கு முதுகு சில்லிட்டது. எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை அழுத்தக்காரி என்பார்கள்.

கடைசிப்பக்கம்:
அழுத்தக்காரி! அதேதான் நான் சொல்ல வந்தது. செவ்வந்தி அக்கா, ஃப்ளோரிடா எனக்கு நினைவிருக்கிறது, அங்கே அவள் நேர்மையாகத்தான் இருந்தாள். ஆனால் அதே பெண் பிறகு மாறிவிட்டாள் என்பதுதானே என் வாதம். எலன் நல்லவள் என்று மேக்குத் தெரியும், பிள்ளை என்ற ஒரு வார்த்தை போதும், அவள் தானாக ஒதுங்கிவிடுவாள் என்றும் தெரியும். எதிராளியின் நல்ல குணத்தையே கத்தியாக்கிக் குத்துவது என்ன நியாயம்?

செவ்வந்தி:
அந்தப் பேச்சு எப்போது நடந்தது என்று பாருங்கள். மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஆர்ச்சரும் எலனும் ரகசியமாகச் சந்தித்து, ஒரே ஒருமுறை உங்களிடம் வருகிறேன், பிறகு போய்விடுகிறேன் என்று எலன் ஒப்புக்கொண்ட அதே நாள். உங்கள் நல்லவள் அந்த வாசல்படி வரைக்கும் வந்துவிட்டாள். மே பேசிய பிறகுதான் அந்தச் சந்திப்புக்கான சாவியைத் தாளில் சுற்றி, உறையில் போட்டு ஒட்டி, அவன் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புகிறாள். அதற்கு முன்னால் இந்த மனுஷன் எலனை அழைத்துவர ஜெர்சி சிட்டிக்குப் போனது எதில்? பொண்டாட்டியின் புது வண்டியில்! இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மே பொறாமைப்படக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, புன்னகையோடு ஓரமாக நிற்க வேண்டுமா?

பழையபேனா:
இரண்டு பெண்களையும் கூண்டில் ஏற்றிவிட்டு ஆர்ச்சரைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். எலன் விவாகரத்து கேட்டபோது, குடும்பப் பெயர் கெட்டுவிடும், வேண்டாம் என்று வக்கீலாக வாதாடி அவளைத் தடுத்தது யார்? இவன்தான். பிறகு அவளிடமே போய் காதலைச் சொல்கிறான், அவளும் நியாயமாகவே கேட்கிறாள், இதை நடக்க முடியாததாக்கியதே நீங்கள்தானே என்று. இதைவிட வேடிக்கை கல்யாணத் தேதி. சீக்கிரம் முடித்துவையுங்கள் என்று மேயின் பாட்டி மிங்கட்டிடம் போய்க் கெஞ்சியதும் இவனே. காதலைச் சொன்ன அன்று ராத்திரியே, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம், வீட்டில் சம்மதித்துவிட்டார்கள் என்று மேயின் தந்தி வருகிறது. தன் கையாலேயே பூட்டிய பூட்டு, சாவியை வேறு யாரோ ஒளித்துவைத்தார்கள் என்று கடைசிவரை புலம்புகிறான்.

இன்னொன்று, வார்ட்டன் 1885இல் கல்யாணம் செய்து 1913இல் விவாகரத்து வாங்கியவர். விலகினால் என்ன விலை, விலகாவிட்டால் என்ன விலை, இரண்டும் அவருக்குத் தெரியும். இந்த நாவலுக்கு 1921இல் நாவலுக்கான புலிட்சர் பரிசு கொடுத்தார்கள், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர். அமெரிக்க வாழ்க்கையின் ஆரோக்கியமான சூழலைக் காட்டும் நாவலுக்கு என்பது அப்போது பரிசின் விதி. இந்தக் கதையில் ஆரோக்கியமான சூழல்! சிரிப்பு வருகிறது.

கடைசிப்பக்கம்:
சரி, ஆர்ச்சர் கோழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோழையைக் கட்டிப்போட்டது கட்டிப்போட்டதுதானே? அந்த விருந்தில் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை சொந்தக்காரர்களும் தன்னையும் எலனையும் கள்ளக்காதலர்கள் என்று முடிவுகட்டி, பெண்டாட்டிக்குத் துணையாக அணிவகுத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. எனக்கு மூச்சு முட்டியது. வாய் விட்டு யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செவ்வந்தி:
வாய் விட்டுப் பேசாதது மே மட்டுமா? இருபத்தாறு வருஷம் கழித்து, மே செத்துப்போன பிறகு, பாரிசில் மகன் டல்லஸ் சொல்வதை மறந்துவிடாதீர்கள். சாவதற்கு முந்தின நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவை நம்பலாம், ஒருமுறை நான் கேட்டதற்காகத் தன் மனதுக்கு மிகப் பிடித்ததை விட்டுக்கொடுத்தவர் அவர் என்று சொல்லியிருக்கிறாள். ஆர்ச்சர் அதற்குச் சொல்லும் பதில், அவள் என்னிடம் கேட்கவே இல்லையே என்பது. தன் வேதனையை ஒருத்தி ஊகித்து இரக்கப்பட்டிருக்கிறாள், அது தன் மனைவியே என்று தெரிந்ததும் அவன் எப்படி நெகிழ்ந்துபோகிறான்! அவனே மன்னித்துவிட்டான், நீங்கள் இன்னும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைசிப்பக்கம்:
டல்லஸ் பகுதியில் எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. ஆனால் எனக்கு அடைத்தது எலனுக்காக. மன்னிக்க வேண்டியவள் அவள் அல்லவா, பொய் சொல்லப்பட்டது அவளிடம்தானே? அவளிடம் ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாரிசில் தன் வீட்டு மாடியில் எலன் இருக்கிறாள், கீழே பெஞ்சில் ஆர்ச்சர் உட்கார்ந்தே இருக்கிறான், வேலைக்காரன் வந்து ஜன்னல் கதவுகளைச் சாத்துகிறான், இவன் எழுந்து ஓட்டலுக்கு நடக்கிறான். மகன் மேலே போய் அவளிடம் என்ன பேசினான் என்றுகூட நமக்குச் சொல்லவில்லை.

ரயில்சினேகம்:
மேலே ஏறவே இல்லையா? படத்திலும் அப்படித்தான். புத்தகத்திலாவது போவான் என்று நினைத்துத்தான் நேற்று வாங்கினேன்.