நன்றாக ஓடிய பிள்ளைகள் எங்கே நின்றுபோனார்கள்?

எண்ணூறு மீட்டர்காரி:
போன மாதம் துறையூர் பஸ் நிலையத்தில் ஒருத்தி இடுப்பில் கூடையோடு, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். முகம் தெரியவில்லை. குதிகால் தரையில் படாத அந்த ஓட்டம் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

பள்ளி நாட்களில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று எந்தப் போட்டிக்குப் போனாலும் 800 மீட்டரில் அவள் முதல், நான் இரண்டாவது. கடைசி 200 மீட்டரை அவள் முதுகில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்தபடியே ஓடி முடிப்பேன். அவள் அப்பா படுத்த படுக்கையானதும் பிளஸ் டூ பாதியில் நின்றது. பருத்தி எடுக்கப் போனாள், பத்தொன்பது வயதில் கல்யாணம். கேட்பவர்கள் இதற்கு "அடடா" என்பார்கள். எனக்கு யாரும் "அடடா" சொல்லவில்லை, ஏனென்றால் நான் ஜெயித்தவள் கணக்கில் வருகிறேன்.

மாநிலச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் வாங்கினேன். ஜெராக்ஸ் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கிய அந்த வாரம் ஒரு நாள்கூட மைதானத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. இடம் கிடைத்ததும் அப்பா, "அவ்வளவுதானே, இனி படிப்பைப் பார்" என்றார். ஓடியதே இதற்குத்தான் என்று நானும் நம்பிவிட்டேன்.

பதினாறு வயதில் என் நேரம் 2 நிமிடம் 19 விநாடி. கேரளத்து ஓட்டக்காரி டின்டு லூக்கா 2010இல் இந்தியச் சாதனையாக ஓடியது 1:59.17. இடையில் இருக்கும் 20 விநாடியில் பாதியைக் குறைப்பதற்கே பல ஆண்டு உழைக்க வேண்டும். அந்த உழைப்பு தொடங்க வேண்டிய நாளில்தான் நான் ஷூவைக் கழற்றினேன். உங்களுக்கு எது எங்கே நின்றது?

ஓய்வுபெற்ற பி.இ.டி.:
முப்பத்தொரு ஆண்டு உடற்கல்வி ஆசிரியனாக இருந்தேன் அம்மா. சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன். 100, 200, நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் எல்லாவற்றிலும் அவன் பெயரைக் கொடுத்திருந்தேன். தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால் இரண்டு நாளில் எத்தனை ஓட்டம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தான். "வலிக்கிறதா?" என்றேன். "பரவாயில்லை சார்." வலிக்கு ஸ்பிரே அடித்து அனுப்பினேன். ஒட்டுமொத்த சாம்பியன் பட்டத்துக்கு எங்களுக்கு நான்கு புள்ளி குறைந்தது. கிடைத்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எனக்குச் சால்வை போர்த்தினார்.

மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல். ஓய்வு கொடுத்தால் ஆறக்கூடியதுதான். ஆனால் அடுத்த போட்டி வந்துவிட்டதே! ஓட வைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்தியபோது மற்ற பிள்ளைகள் முன்னால் "சோம்பேறி" என்றேன். இப்போதும் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறான். திட்டினால்கூடப் பரவாயில்லை.

எங்கள் உழைப்பைக் கோப்பையை எண்ணித்தான் மதிப்பிட்டார்கள். இந்தப் பையன் இருபத்திரண்டு வயதில் எப்படி ஓடுவான் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

குண்டுக்காரன்:
சார், என் கதையில் வில்லன் என் மீசை. பதினான்கு வயதிலேயே மீசையும் 78 கிலோவும் வந்துவிட்டன. வயதைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று யாரோ புகார் கொடுத்து, எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கண்டுபிடிக்க இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். வயது சரியாகத்தான் இருந்தது, உடம்புதான் அவசரப்பட்டிருந்தது. குண்டு எறிதலில், நின்ற இடத்திலிருந்து குண்டைத் தள்ளினாலே எனக்கு முதல் பரிசு. பின்னாலிருந்து சறுக்கி வந்து எறியும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. வயது ஏற ஏற குண்டும் 5 கிலோ, 6 கிலோ, 7.26 கிலோ என்று ஏறும். என்னிடம் தோற்ற பொடியன்கள் பதினெட்டு வயதில் என் உயரத்துக்கு வந்தார்கள், கையில் உத்தியோடு. இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி மூட்டை தூக்குவதில் தெருவில் இன்றும் நான்தான் முதல்.

ஓர் அம்மா:
என் மகள் 3000 மீட்டர் ஓடினாள். கடைசி இரண்டு சுற்றில் கால் கனத்து, பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போவார்கள். "மனத்துணிவு போதாது" என்றார் பயிற்சியாளர். நாங்களும் வீட்டில் அதையே சொன்னோம். முட்டை, சத்துமாவு எல்லாம் கொடுத்தோம். மாதவிடாய் நாட்களில் அவளுக்கு ரத்தம் அதிகம் போகும் என்பது எனக்குத் தெரியும், அதை ஓட்டத்தோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, காய்ச்சலுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.4. மாத்திரையில் ரத்தம் ஏறியது. ஆனால் அதற்குள், "எனக்குத் துணிவு கிடையாதும்மா" என்று அவளே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

மதுரை ஓட்டக்காரி ரேவதி வீரமணி வறுமையிலிருந்து ஒலிம்பிக் போகவில்லையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது அக்கா?

எண்ணூறு மீட்டர்காரி:
ரேவதி என்றால் வெறுங்காலில் ஓடியதை மட்டும் சொல்கிறார்கள். வெறுங்காலில் ஓடிய பிள்ளைகள் எங்கள் பள்ளியிலேயே பத்துப் பேர் இருந்தோம். பெற்றோரை இழந்த ரேவதியை வளர்த்த பாட்டி தயங்கியபோது, அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்த பயிற்சியாளர் கண்ணன் மதுரையில்தான் இருந்தார். ஷூ, கல்லூரி இடம், விடுதி எல்லாவற்றுக்கும் அவர் அலைந்தார், பல ஆண்டு கூடவே இருந்து பயிற்சி கொடுத்தார். ஊரார் பேச்சைப் பாட்டி காதில் வாங்கவில்லை. பிறகு ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடும்போது ரேவதிக்கு வயது 23. அந்த வயதில் நான் செமஸ்டர் அரியர் எழுதி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

துறையூர்க்காரியோடு நேற்றும் பேசினேன். அவள் மகள் ஆறாம் வகுப்பு, குறுவட்டத்தில் 600 மீட்டர் ஓடப் போகிறாளாம். ஷூ அளவு கேட்டேன். "இப்போது மூன்று, வளர்கிற கால், நாலாகவே வாங்கு" என்கிறாள். ஓடுகிற ஷூவைப் பெரிதாக வாங்கக் கூடாது என்று அரை மணி நேரம் சண்டை.