பொன்னேரி வீடு குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அப்பா: எல்லோருக்கும் வணக்கம். யாழினிக்கு க்ரியாவில் இடம் கிடைத்துவிட்டது. நேற்று ராத்திரி மெயில் வந்தது.

மீனா அத்தை: வாழ்த்துகள்டா செல்லம் 🎉🎉

ரவி பெரியப்பா: வாழ்த்துகள். க்ரியா என்றால் அகராதி போட்டார்களே, அந்த க்ரியாவா? அவர்கள் எப்போது காலேஜ் ஆரம்பித்தார்கள்?

மீனா அத்தை: 😂 அண்ணா, அது பதிப்பகம். என் மேசை மேலேயே அந்த அகராதி இருக்கிறது. இது வேறு.

யாழினி: பெரியப்பா, இது க்ரேயா யுனிவர்சிட்டி. அப்பா வேகமாக டைப் பண்ணிவிட்டார். ஸ்ரீசிட்டியில் இருக்கிறது. லிபரல் ஆர்ட்ஸ்.

ரவி பெரியப்பா: லிபரல் என்றால் தாராளம். தாராளமாக மார்க் போடுவார்களா?

கார்த்தி அண்ணா: அப்பா 🙏

ரவி பெரியப்பா: நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 12வதில் இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ஆர்ட்ஸ் காலேஜா? அதுவும் ஆந்திராவில்? கவுன்சலிங்கில் நல்ல இன்ஜினியரிங் கிடைக்குமே. யோசித்துத்தான் செய்கிறீர்களா தம்பி?

அப்பா: ஆறு மாதமாக யோசிக்கிறோம் அண்ணா.

யாழினி: பெரியப்பா, ஆர்ட்ஸ் என்றால் பி.ஏ. மட்டும் இல்லை. பயாலஜி, பிசிக்ஸ், கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ், எகனாமிக்ஸ், வரலாறு எல்லாம் அங்கே இருக்கிறது. முதல் வருஷம் எல்லோரும் பொதுவாகச் சில பாடங்கள் படிக்க வேண்டும். எழுத்து, தரவை எப்படிப் படிப்பது, அறிவியல் முறையில் யோசிப்பது, அறநெறி, இப்படி. அப்புறம்தான் மேஜர் எது என்று முடிவு செய்வோம். வருஷத்துக்கு மூன்று டெர்ம்.

ரவி பெரியப்பா: அப்படியென்றால் எதைப் படிக்கப்போகிறோம் என்று தெரியாமலே சேர்வதா?

மீனா அத்தை: அண்ணா, 17 வயதில் உங்களுக்குத் தெரிந்ததா? பி.காம். முடித்து பேங்க் பரீட்சை எழுதினீர்கள், கிடைத்தது, போனீர்கள். அவ்வளவுதானே.

ரவி பெரியப்பா: அது வேறு காலம்.

மீனா அத்தை: இது ஒன்றும் புதிதாக வானத்திலிருந்து குதித்ததில்லை. நான் எம்.ஏ. படித்த மதுரை அமெரிக்கன் காலேஜ் 1881ல் அமெரிக்க மிஷனரிகள் ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஓபர்லின் என்று ஒரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ், அங்கே படித்து முடித்த பிள்ளைகள் ரெண்டு வருஷம் மதுரைக்கு வந்து சொல்லிக்கொடுப்பார்கள். எங்களுக்கு வந்த பையன் இசையும் வேதியியலும் சேர்த்துப் படித்தவன். ஆங்கில வகுப்பு எடுத்தான், சாயங்காலம் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போவான். அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

கார்த்தி அண்ணா: ஆந்திரா என்று சொல்லி பயமுறுத்தாதீர்கள் அப்பா. நான் தினமும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை கேட் வழியாகத்தான் பிளான்ட்டுக்குப் போகிறேன். பொன்னேரியில் சூலூர்பேட்டை லோக்கல் ஏறினால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. ஆரம்பாக்கம் தமிழ்நாடு, தடா ஆந்திரா. மாநிலம் மாறுவது ஸ்டேஷன் போர்டைப் பார்த்தால்தான் தெரியும்.

கார்த்தி அண்ணா: அப்புறம் நீங்கள் ஏறுகிற சென்னை மெட்ரோ பெட்டிகளில் பெரும்பாலானவை ஸ்ரீசிட்டியில் செய்ததுதான். முதலில் வந்த சில வண்டிகள் மட்டும் பிரேசிலில் செய்தவை.

ரவி பெரியப்பா: மெட்ரோ பெட்டிக்கும் காலேஜுக்கும் என்னடா சம்பந்தம்? நடத்துவது யார்? டிகிரி செல்லுமா? அதைச் சொல்.

அப்பா: 2018ல் வந்த தனியார் பல்கலைக்கழகம் அண்ணா. ஆந்திர மாநிலச் சட்டப்படி வந்தது, யூஜிசி பட்டியலில் இருக்கிறது. இளநிலைப் படிப்பு 2019ல் ஆரம்பம். ஆனால் வேர் பழசு. ஐ.எஃப்.எம்.ஆர். என்று நுங்கம்பாக்கத்தில் ஒரு நிதி மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனம்...

ரவி பெரியப்பா: கோத்தாரி ரோடு ஐ.எஃப்.எம்.ஆரா??

அப்பா: ஆமாம். 1970ல் ஆரம்பித்த அதேதான். இப்போது க்ரேயாவின் எம்.பி.ஏ. பள்ளி.

ரவி பெரியப்பா: அதை முதலிலேயே சொல்வதற்கென்ன. ஐசிஐசிஐ வாகுல் தலைவராக இருந்த இடம். எங்கள் பேங்கிலிருந்து என்னை ஒரு தடவை அங்கே டிரெய்னிங்குக்கு அனுப்பினார்கள். மத்தியானம் சாப்பாடு பிரமாதம்.

மீனா அத்தை: சாப்பாட்டை வைத்து ஒரு யுனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் கொடுத்த முதல் மனிதர் எங்கள் அண்ணன்தான் 😄

யாழினி: பெரியப்பா, வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆராய்கிற ஜே-பால் அமைப்பின் தெற்காசியா அலுவலகமும் ஐ.எஃப்.எம்.ஆரில்தான் இருக்கிறது. ஜே-பாலை ஆரம்பித்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019ல் நோபல் வாங்கினார்கள். ஒரு திட்டம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ச் சோதித்துப் பார்ப்பார்கள்.

ரவி பெரியப்பா: சரி. நீ எதைப் படிக்கப்போகிறாய்?

யாழினி: இப்போதைக்கு சுற்றுச்சூழலும் எகனாமிக்ஸும். காரணம் பழவேற்காடு.

ரவி பெரியப்பா: பழவேற்காட்டில் நண்டு வாங்குவோம். படிக்க என்ன இருக்கிறது?

யாழினி: சேர்க்கைக்குக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் பாடு பற்றி எழுதினேன். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று மீனவர்களே முறை வைத்துக்கொள்கிறார்களே, அது. நல்ல மீன் கிடைக்கிற இடம் ஒருவரிடமே நிற்காமல் சுற்றி வரும். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குறையும், அப்போது பாடு முறையிலும் தகராறு வரும். இதை பயாலஜி டிபார்ட்மென்ட்டில் கேட்டால் உப்பின் அளவைச் சொல்வார்கள். எகனாமிக்ஸில் கேட்டால் பங்கீட்டைச் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் அங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்பது வரலாறு. பாடு முறையில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பது சாதிக் கணக்கு. எனக்கு நாலும் வேண்டும் பெரியப்பா. இன்டர்வியூவில் பாதி நேரம் இதையேதான் கேட்டார்கள்.

மீனா அத்தை: ❤️

கார்த்தி அண்ணா: பிரமாதம் யாழ். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. சின்ன இடம், புது இடம். முதல் இளநிலை பேட்ச் 2022ல்தான் வெளியே வந்தது. அண்ணா யுனிவர்சிட்டி மாதிரி எந்த ஆபீஸுக்குப் போனாலும் நாலு சீனியர் இருக்க மாட்டார்கள். எங்கள் எச்.ஆரிடம் இந்த டிகிரியைக் காட்டினால் என்னவென்று கேட்பார். சொல்லிப் புரியவைக்க வேண்டியது நீதான்.

யாழினி: தெரியும் அண்ணா. அது எனக்கும் பயம்தான்.

அப்பா: எனக்கு பயம் ஃபீஸ்தான். ஹாஸ்டலோடு சேர்த்தால் என் சம்பளத்துக்கு மீறியது. உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன். குறைவாகக் கொடுத்தால் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். இவளிடமும் சொல்லிவிட்டேன்.

ரவி பெரியப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ரவி பெரியப்பா: தம்பி, தனியாக போன் பண்ணுகிறேன்.

தாத்தா: 🎤 0:07

தாத்தா: 🎤 0:02

கார்த்தி அண்ணா: தாத்தா, ரெண்டிலும் ஃபேன் சத்தம்தான் வருகிறது. டைப் பண்ணுங்கள்.

தாத்தா: ஸ்ரீசிட்டி என்பது சத்தியவேடு பக்கமா

கார்த்தி அண்ணா: ஆமாம் தாத்தா, பக்கத்திலேயே.

தாத்தா: சத்தியவேடு என் அம்மா பிறந்த ஊர். அது அப்போது செங்கல்பட்டு ஜில்லா. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி நமக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. நான் அங்கே மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ரிஜிஸ்டரில் செங்கல்பட்டு என்பதை அடித்துவிட்டு வாத்தியார் சித்தூர் என்று எழுதினார். சிவப்பு மை.

மீனா அத்தை: அப்பா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே!

தாத்தா: யாரும் கேட்கவில்லை

யாழினி: தாத்தா, என்னைச் சேர்க்கப் போகும்போது நீங்களும் வருகிறீர்களா? ஃபீஸ் சரியானால்.

தாத்தா: ஃபீஸ் சரியாகாவிட்டாலும் வருகிறேன். காலேஜை நீங்கள் பாருங்கள். என்னை சத்தியவேட்டில் இறக்கிவிடுங்கள். மாமா வீட்டுத் திண்ணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்த்தி அண்ணா: சனிக்கிழமை எனக்கு லீவு. தடா வரை லோக்கல், அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். தாத்தா, முட்டிக்கு அந்த பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தா: 👍👍👍🌹