ஹோம்ஸ்டே நியூஸ்லெட்டர் எல்லாம் ஸ்பாமுக்கு போகுது, உதவி வேணும்

அண்ணாச்சி, அக்கா எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை தாண்டி புளியரை பக்கம் ஹோம்ஸ்டே வச்சிருக்கோம். தங்கிட்டுப் போனவங்ககிட்ட சம்மதம் வாங்கி, குத்தால சீசனுக்கு மெயில் போடுவோம், மெயின் அருவில தண்ணி எப்படி, சாரல் இருக்கா, எந்த ரூம் காலின்னு. போன சீசன் வரை நல்லா பதில் வந்துச்சு, இந்த ஜூன்லேர்ந்து கொல்லத்து கெஸ்ட்டெல்லாம் போன்ல கேட்டா ஸ்பாம்ல கெடக்குன்னு சொல்லுதாங்க. மனசே ஆறல.

சொந்த டொமைன்தான். மெயில் நெசமாவே எங்க டொமைன்லேர்ந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் செக் ரெண்டும் பாஸ், அதுக்கு மேல டிமார்க்கும் போட்டாச்சு, 2024 பிப்ரவரி ஜிமெயில் ரூல்ல சொன்ன ஒரே கிளிக் அன்சப்ஸ்கிரைபும் இருக்கு. போட்டோவ கொறச்சு, சப்ஜெக்ட்ல "ஆஃபர்" எடுத்துட்டு அனுப்பியும் அதேதான். தனித்தனியா அனுப்பினா மட்டும் இன்பாக்ஸுக்கே போகுது, மொத்தமா அனுப்புற சர்வீஸ் வழியா போனாத்தான் இப்படி.

ஷேர்டு ஐபியா (அந்த சர்வீஸ்ல பல பேரு ஒரே சர்வர் அட்ரஸ்லேர்ந்து அனுப்புறது), இல்ல சீசனுக்கு மட்டும் திடீர்னு மொத்தமா அனுப்புறதாலயா, இதுல எத மொதல்ல மாத்தணும்?