பில்டு மெஷினில் இருந்ததாலேயே ரன்டைமில் ஒட்டிக்கொண்ட லைப்ரரி: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கம்பைலரை சோர்ஸிலிருந்து பில்டு செய்கிறவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் குழுவில் ஹாஸ்கெல்லில் எழுதிய ஒரு சர்வீஸ் ஓடுகிறது. ஒரு சின்னத் திருத்தம் தேவைப்பட்டதால் ஹாஸ்கெல்லின் ஜிஎச்சி கம்பைலரை நாங்களே பில்டு செய்து வைத்திருந்தோம். பில்டு சர்வரில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். அதே பைனரியைச் சின்ன டெபியன் கன்டெய்னருக்குள் வைத்ததும் தொடங்கவே இல்லை. லிப்நூமா என்ற ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது.

எங்கள் கோடில் நூமா என்ற பேச்சே கிடையாது. நாங்கள் பயன்படுத்தும் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். முதல் நாள் முழுக்க அதிலேயே போனது. மறுநாள் காலையில்தான், வெறும் ஒரு வரியை அச்சிடும் புரோகிராமை எழுதி அதே கம்பைலரில் கொடுத்து, ஒரு பைனரிக்குத் தேவையான ஷேர்டு லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடியைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் லிப்நூமா இருந்தது! அப்போதுதான் புரிந்தது, ஒட்டிக்கொண்டிருந்தது எங்கள் புரோகிராமில் இல்லை, கம்பைலர் ஒவ்வொரு புரோகிராமோடும் சேர்த்துவிடும் ரன்டைமில். ஜிஎச்சி-பிகேஜி கருவியில் ஆர்டிஎஸ், அதாவது ரன்டைம் பேக்கேஜின் விவரத்தை எடுத்தால், கூடுதல் லைப்ரரிகள் வரியில் நூமா என்று எழுதியே இருக்கிறது. அந்த வரியில் ஒன்று ஏறிவிட்டால், அந்தக் கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அது தேவையாகிவிடும்.

எப்படி ஏறியது? பல சாக்கெட் உள்ள பெரிய சர்வர்களில் ஒவ்வொரு சிபியூவுக்கும் பக்கத்து மெமரி, தூரத்து மெமரி என்று வேறுபாடு உண்டு. இந்த அமைப்புக்குத்தான் நூமா என்று பெயர். அதைக் கவனித்து மெமரி ஒதுக்கும் வசதி ஜிஎச்சியில் 2017-இல் வந்த 8.2-இலிருந்து இருக்கிறது. பில்டுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகரில் அதற்கான ஆப்ஷனின் இயல்பு மதிப்பு 'ஆட்டோ'. லைப்ரரியும் அதன் ஹெட்டரும் மெஷினில் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். எங்கள் பில்டு சர்வரில் வேறு யாரோ வேறு எதற்கோ லிப்நூமா டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவியிருந்தார்கள். அவ்வளவுதான்.

அதே கான்ஃபிகரில் லிப்டிடபிள்யூ என்ற இன்னொரு விருப்ப லைப்ரரிக்கும் ஆப்ஷன் இருக்கிறது, ஸ்டாக் டிரேஸ் எடுப்பதற்கு. அதன் இயல்பு மதிப்பு 'வேண்டாம்'. கேட்டால் மட்டுமே வரும். நூமாவையும் அப்படியே வைத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இப்போது நாங்கள் நூமாவை வெளிப்படையாக அணைத்து, சுத்தமான கன்டெய்னருக்குள்தான் பில்டு செய்கிறோம். முடிந்ததும் அந்த ஒரு வரி புரோகிராமின் எல்டிடி பட்டியலை முந்தைய பட்டியலோடு ஒப்பிடுகிறோம். ஒரு பெயர் கூடினாலும் பில்டு நின்றுவிடும்.

*

அண்ணா, இதே கதையை நான் ஓகேமல் மொழியில் பார்த்தேன். ஆனால் அங்கே கம்பைலர் எழுதியவர்களே அதைக் கவனித்துச் சரிசெய்தார்கள்.

2023 செப்டம்பரில் ஓகேமல் 5.1.0 வந்தது. கம்பைலர் உருவாக்கும் இடைநிலைக் கோப்புகளைச் சுருக்கி வைக்க ரன்டைமில் இசட்ஸ்டான்டர்டு என்ற சுருக்க லைப்ரரியை (லிப்இசட்ஸ்டிடி) சேர்த்திருந்தார்கள். நல்ல நோக்கம்தான், அந்தக் கோப்புகள் டிஸ்கில் நிறைய இடம் பிடிக்கும். தரவை பைட்டுகளாக மாற்றி எழுதும் மார்ஷல் மாட்யூலுக்கும் சுருக்கிக்கொடுக்கும் ஒரு ஃபிளாக் வந்தது. நான் மேம்படுத்திய அன்றே என்னுடைய குட்டி கமாண்ட் லைன் கருவி லிப்இசட்ஸ்டிடியைக் கேட்க ஆரம்பித்தது. மார்ஷல் ஃபிளாக்கை நான் தொட்டதே இல்லை.

காரணத்தைத் தேடிப் படித்தபோது பிரச்சினையின் வேர் எனக்குப் பிடித்துப்போனது. தரவைப் படிக்கிற ஃபங்ஷனுக்கு, வரப்போவது சுருக்கியதா இல்லையா என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே விரிக்கும் கோடையும் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கோடு ரன்டைமுக்குள் நேரடியாக அழைக்கப்பட்டால், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் எல்லாப் புரோகிராமிலும் அந்த லைப்ரரியைக் கொண்டுவந்துவிடும். அதே டிசம்பரில் வந்த 5.1.1-இல் அந்த ஃபிளாக்கை எடுத்துவிட்டார்கள். கம்பைலர் மட்டும் தன் கோப்புகளுக்குச் சுருக்கத்தைத் தொடர்ந்து பயன்படுத்தியது.

இன்று அதன் சோர்ஸைத் திறந்தால், சுருக்குவதற்கு ஒன்று, விரிப்பதற்கு ஒன்று என்று இரண்டு ஃபங்ஷன் பாயின்டர்கள் ரன்டைமில் இருக்கும். இரண்டும் ஆரம்பத்தில் காலி (நல் மதிப்பு). இசட்ஸ்டான்டர்டை அழைக்கும் கோடு தனி லைப்ரரியாக இருக்கிறது. அதை லிங்க் செய்த புரோகிராம் மட்டும் அந்த பாயின்டர்களை நிரப்பிக்கொள்கிறது, மற்றவை எதையும் சுமப்பதில்லை. என் சொந்த இன்டர்பிரட்டரிலும் இதே முறையைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன். இசட்ஸ்டான்டர்டு அறவே வேண்டாம் என்றால் கான்ஃபிகரில் அணைக்கவும் வழி இருக்கிறது.

*

எனக்கு நடந்தது தலைகீழ். வேண்டியது வராமல் போனது. பைத்தானை சோர்ஸிலிருந்து பில்டு செய்தேன், பிழை ஏதும் இல்லாமல் முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு நண்பர், சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸை இம்போர்ட் செய்தபோது அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று வந்தது. அதற்குத் தேவையான லிப்எஃப்எஃப்ஐயின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லாததால் அதை விட்டுவிட்டுப் பில்டு முடிந்திருக்கிறது. விடுபட்ட மாட்யூல்களின் பட்டியல் கடைசியில் சில வரிகளில் ஓடியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. சுருக்கத்துக்கான எல்இசட்எம்ஏ மாட்யூலும் அதில் இருந்தது.

*

தம்பி சொன்ன பாயின்டர் முறை அருமை. இசட்ஸ்டான்டர்டுக்கு அது பொருந்தும். நூமாவுக்கும் பொருந்துமா என்று யோசித்துப் பார்க்கிறேன், ரன்டைம் தொடங்கும்போதே மெமரியை ஒதுக்கவேண்டிய இடம் அது.

பைத்தான் நண்பருக்கு: எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இசட்லிப் என்ற சுருக்க லைப்ரரிக்கான ஆப்ஷனுக்கு ஆன், ஆஃப் தவிர ஃபோர்ஸ்-ஆன் என்று மூன்றாவது மதிப்பும் உண்டு. 'ஆன்' என்றால் கிடைத்தால் சேர்க்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடும். ஃபோர்ஸ்-ஆன் என்றால், கிடைக்காதபோது பில்டை அமைக்கும் சிமேக் அங்கேயே நின்று சொல்லிவிடும். நான் வெறும் 'ஆன்' கொடுத்து ஒருமுறை மாட்டியிருக்கிறேன். டீபக் தகவலைச் சுருக்கச் சொன்னபோது, இசட்லிப் இல்லாமல் பில்டு செய்யப்பட்டிருக்கிறேன் என்று அதன் லிங்கரான எல்எல்டி மறுத்துவிட்டது. அதற்குள் அந்த டூல்செயினை நாலு பேருக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். எல்லோரிடமும் திரும்பக் கேட்டு வாங்கி, ஃபோர்ஸ்-ஆன் போட்டு மறுபடி பில்டு செய்தேன்.

பெரிய எண்களைக் கணக்கிட ஜிஎச்சி பயன்படுத்தும் ஜிஎம்பி லைப்ரரியை எடுத்துவிட்டு, ஜிஎச்சி 9.0-இல் வந்த நேட்டிவ் பெருவெண் பேக்கெண்டை வைத்துப் பில்டு செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்டாட்டிக் லிங்க் செய்யும்போது, அதாவது லைப்ரரியைப் பைனரிக்குள்ளேயே சேர்க்கும்போது, ஜிஎம்பியின் எல்ஜிபிஎல் உரிமத்தை யோசிக்க வேண்டியிருப்பதால் அடுத்து அதைத்தான் முயற்சி செய்யப் போகிறேன். பெரிய எண்களில் வேகம் குறையும் என்று தெரியும். உங்கள் வேலையில் அது உறைத்ததா என்று எழுதுங்கள்.