வரலாற்று வியூக கேம்களை எங்கிருந்து தொடங்குவது? யாழ்ப்பாணத்தை எடுத்து மூன்று தரம் தோற்றுவிட்டேன்

புதுக்குடியிருப்பான்

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். கனடாவில் இருக்கிற மச்சான் ஸ்டீம் என்ற இணையக் கடையில் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 வாங்கி அனுப்பினார். இதுவரை நான் விளையாடியது போனில் கிரிக்கெட்டும், நண்பன் வீட்டில் கொஞ்சம் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸும்தான். இதைத் திறந்ததும் முழு உலக வரைபடமும் வந்தது, பெருப்பித்துப் பார்த்தால் இலங்கையில் கோட்டை இராச்சியம் ஒரு நிறம், யாழ்ப்பாணம் இன்னொரு நிறம். அதைக் கண்ட பிறகு வேறு நாட்டை எடுக்க மனம் வரவில்லை.

முதல் தரம் நேரம் தன் பாட்டில் ஓடுவதே தெரியாமல் பொத்தான்களைப் படித்துக்கொண்டிருந்தேன், கோட்டைக்காரன் வந்துவிட்டான். இரண்டாம் தரம் படையைக் கூட்டினேன், கடன் ஏறி நாடு முறிந்தது. மூன்றாம் தரம் வணிக வரைபடத்தைத் திறந்து, இருந்த இரண்டு வணிகர்களையும் பெரிய பணம் காட்டிய இடங்களுக்கு அனுப்பினேன். வருமானம் கூடவில்லை, குறைந்தது. அந்த அம்புக்குறிகள் எதைக் காட்டுகின்றன என்று இன்னும் விளங்கவில்லை.

இப்படியான கேம்களை எந்த ஒழுங்கில் பழக வேண்டும்? முதலில் வேறு ஏதாவது விளையாட வேண்டுமா? லப்டொப் 8 ஜிபி, தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஆங்கிலம் வாசிப்பேன், ஆறுதலாகத்தான். மழைக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

மல்லாவிச் சந்தை

தம்பி, நீங்கள் தொடங்கிய இடம்தான் பிழை, ஆள் பிழையில்லை. அந்த கேமில் போர், மதம், அரச குடும்பம், வணிகம், குடியேற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முகத்தில் அடிக்கும். வணிகத்தை மட்டும் கையில் தருகிற ஒன்றில் முதலில் பழகுங்கள். என்னைக் கேட்டால் பெட்ரீசியன் 3. 2000களின் தொடக்கத்தில் வந்த பழைய கேம், உங்கள் லப்டொப்பில் தாராளமாக ஓடும். வட ஐரோப்பாவின் ஹன்சா நகரங்கள்தான் களம்: லூபெக், ஹாம்பர்க், பேர்கன், லண்டன், நொவ்கொரொட். ஹன்சா ஒரு நாடு அல்ல, வணிகர்களும் அவர்களுடைய நகரங்களும் சேர்ந்த கூட்டு. அவர்களின் முதலாவது பொது மாநாடு 1356இல் லூபெக்கில் நடந்தது, கடைசி மாநாடு 1669இல். அவ்வளவு காலம் உப்பும் மீனும் தானியமும் துணியும் ஏற்றி இறக்கியே வாழ்ந்தார்கள்.

இதை எங்களுடைய ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். என் அப்பா நெல் வாங்கி விற்றவர். காலபோக அறுவடை முடிந்த கிழமை எல்லா வீட்டு முற்றத்திலும் மூடை கிடக்கும், விலை விழும். வைத்திருக்க இடமும் கையில் காசும் உள்ளவன் நாலு மாதம் பொறுத்து விற்பான், கடன்காரன் வாசலில் நிற்கிறவன் அன்றைக்கே விற்பான். கேமில் நடப்பதும் இதேதான். ஒரு ஊரின் களஞ்சியத்தில் பொருள் எவ்வளவு கிடக்கிறதோ அதற்கேற்ப விலை ஏறி இறங்கும். நீங்கள் பீப்பாய் பீப்பாயாக விற்க விற்க உங்கள் கண் முன்னாலேயே விலை குறைந்துகொண்டு வரும். அதனால் கொண்டுபோன முழுவதையும் ஒரே துறைமுகத்தில் கொட்டாதீர்கள். கொஞ்சம் விற்று, மிச்சத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோங்கள்.

தொடக்கத்தில் ஒரு கப்பல், கொஞ்சக் காசு. இரண்டே இரண்டு ஊருக்கு இடையில் ஓடுங்கள். ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பொருளும் என்ன விலைக்குப் போனது என்று எழுதுங்கள், திரையைப் பார்த்து மனதில் வைத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி எழுதிய கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. மூன்று நாள் எழுதினால் எந்த ஊர் எதைச் செய்கிறது, எந்த ஊருக்கு எது இல்லாமல் ஆகாது என்பது தானாகவே மனதில் பதிந்துவிடும். உண்மையான வரலாற்றிலும் பேர்கன் பக்கம் போதிய தானியம் விளையாது, அங்கே கொட் மீனைக் காற்றில் உலர்த்திக் கருவாடாக்கி வைத்திருப்பார்கள். ஹன்சாக்காரர் தானியம் கொண்டுபோய்க் கொடுத்து அந்தக் கருவாட்டை ஏற்றி வந்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டிருக்கிற ஆட்களுக்கு அரிசியும் இந்தப் பக்கத்துக்குக் கருவாடும் போய் வருவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

கப்பல் சும்மா நின்றாலும் ஆட்களுக்குச் சம்பளம் போகும், அதை மறக்க வேண்டாம். இரண்டாவது கப்பல் வாங்கிய பிறகு வேறு ஊரில் கிட்டங்கி போடலாம், அப்புறம் கப்பற்தலைவனிடம் தடத்தைக் கொடுத்துத் தானாக ஓட விடலாம். நகரசபையில் மேலே மேலே போய் நகரத் தலைவராகவும் வரலாம். அது வரும்போது வரட்டும்.

கனகராயன் கரை

காசு செலவழிக்க முன்னம் இலவசமானவற்றைப் பாருங்கள். ஃப்ரீகொல் என்று ஒன்று, 1492இல் தொடங்கும், அமெரிக்காவில் குடியேற்றம் அமைத்துப் புகையிலை, பருத்தி, சீனி, தோல் எல்லாம் ஐரோப்பாவுக்கு அனுப்புவது. ஒரே பொருளை அனுப்பிக்கொண்டே இருந்தால் அங்கே விலை இறங்கும். பருத்தியாக அனுப்பாமல் துணியாக்கி அனுப்பினால் கூடக் கிடைக்கும். அரசன் அடிக்கடி வரியைக் கூட்டுவான், மறுத்தால் ஒரு பொருளை அங்கே விற்கவே முடியாமல் போகும். ஜாவா மென்பொருள் இருந்தால் பழைய கணினியிலும் ஓடும். போனில் என்றால் அன்சிவ் போடுங்கள், முறைக்கு முறை விளையாடுவது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், கரண்ட் போனாலும் போன் இருக்கும். இரண்டும் சிறிய டவுன்லோட், இரவு டேட்டாவே காணும்.

ஒன்றை மனதில் வைத்திருங்கள். ஃப்ரீகொல்லில் நீங்கள் குடியேறுகிற மண்ணில் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வியாபாரம் செய்து, அவர்களிடம் தொழில் கற்றுக்கொண்டும் விளையாடலாம், அடித்துப் பிடித்தும் விளையாடலாம். நான் முதல் வழியில்தான் விளையாடுவேன். எங்களுக்கு மற்றப் பக்கத்தில் இருந்தது எப்படி என்று தெரியும்.

துருசடி

மல்லாவி அண்ணா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொப்பி, ஒரு கப்பல் எல்லாம் சரி. ஆனால் தம்பிக்குக் கையில் இருப்பது யூரோப்பா, அதை மூடிவைத்து வேறொன்றைப் பழகச் சொன்னால் திரும்பி வரமாட்டார். அதிலேயே பழகலாம், நாட்டை மட்டும் மாற்றினால் போதும்.

போர்த்துக்கல்லை எடுங்கள். ஐரோப்பாவின் மூலையில் இருக்கிறது, அங்கே தரையில் காஸ்டீலை (இன்றைய ஸ்பெயின் பக்கத்து அரசு) தவிர அயல் நாடு கிடையாது. காஸ்டீலோடு நட்பாக இருந்துவிட்டால் வீட்டு வாசலில் போர் இல்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இடைவெளிப் பட்டையை அழுத்தினால் நேரம் நிற்கும். நிறுத்தி வைத்துப் பார்ப்பது களவு விளையாட்டு இல்லை, எல்லாரும் அப்படித்தான் விளையாடுகிறார்கள். நான் முதல் நாளில் ஒரு மணித்தியாலம் நிறுத்தியே வைத்திருப்பேன். அயர்ன்மான் என்ற தெரிவைத் தொடாதீர்கள், அதில் பழைய சேவுக்குத் திரும்ப முடியாது. சாதாரண முறையில் தானாகவும் சேவ் ஆகும், நீங்களும் அடிக்கடி சேவ் பண்ணுங்கள், கரண்டுக்கும் அதுதான் மருந்து.

இனி அம்புக்குறி. இதை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை, இரணைமடு வாய்க்கால் கரையில் நின்றபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு வணிக மையமும் ஒரு குளம். அந்தப் பகுதியில் விளைகிற பொருள்களின் பெறுமதி குளத்தில் விழுகிற தண்ணீர். அம்புக்குறி வாய்க்கால். தண்ணீர் மேலிருந்து கீழேதான் போகும், திரும்பி ஏறாது, கேமில் அந்தத் திசையை யாராலும் மாற்ற முடியாது. இந்தியப் பக்கத்துக் குளங்கள் மேட்டில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு வழி ஏடன், அலெக்சாந்திரியா என்று போய் வெனிஸ், ஜெனோவாவில் விழும். இன்னொரு வழி ஆபிரிக்காவைச் சுற்றிப் போகும். கடைசிக் குளங்கள் மூன்று: வெனிஸ், ஜெனோவா, ஆங்கிலக் கால்வாய். அங்கிருந்து வெளியே வாய்க்கால் கிடையாது, அதனால்தான் அங்கே இருக்கிறவன் கொழுக்கிறான்.

வணிகன் துருசடியில், அதாவது மதகடியில், நிற்கிற ஆள். அவனுக்கு இரண்டு வேலைதான் தெரியும்: தண்ணீரைத் தன் வயலுக்கு எடுப்பது, அல்லது குறிப்பிட்ட ஒரு வாய்க்காலுக்குத் திருப்பி விடுவது. எவ்வளவு எடுக்கலாம் என்பது அந்தக் குளத்தில் உங்களுக்கு உள்ள வணிக பலத்தைப் பொறுத்தது. மாகாணங்கள், வணிகன், ரோந்து போகிற இலகு கப்பல்கள் எல்லாம் சேர்ந்ததே அந்தப் பலம். உங்கள் சொந்தக் குளத்தில் வணிகன் இல்லாவிட்டாலும் உங்கள் பங்கு வரும். ஆனால் மற்றவர்களுடைய குளத்தில் போய் எடுக்கப் பார்த்தால் பலம் பாதியாகிவிடும். நீங்கள் மூன்றாம் தரம் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய எண்ணைப் பார்த்து ஓடாமல், உங்கள் குளத்துக்கு மேலே இருக்கிற குளம் எது என்று பார்த்து, அங்கே வணிகனை நிறுத்தி உங்கள் பக்கம் திருப்பி விடுங்கள்.

மதம், அரச திருமணம், நிறுவனங்கள் பற்றிய திரைகளை முதல் ஐம்பது வருடம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். கடன் எடுக்கப் பயப்படாதீர்கள், ஆனால் கடனுக்கு வட்டி கட்டப் புதுக்கடன் எடுக்கிற நிலைக்குப் போகாதீர்கள். சமாதான காலத்தில் படைப் பராமரிப்புச் செலவைக் குறைக்கலாம், ஒரு இழுவைப் பட்டை இருக்கிறது. உங்கள் இரண்டாம் தரத் தோல்விக்கு மருந்து அது.

முள்ளியவளை அக்கா

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். கேம் விளையாடுவது மகன், நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். தம்பி யாழ்ப்பாணத்தை எடுத்துத் தோற்றதற்குக் கவலைப்பட வேண்டாம். கேம் தொடங்குவது 1444 நவம்பர் 11. அப்போது யாழ்ப்பாணத்தில் ஆண்டவர் கனகசூரிய சிங்கையாரியன், கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகு. 1450இல் கோட்டையின் படை செண்பகப் பெருமாள் தலைமையில் வந்து நல்லூரைப் பிடித்தது. கனகசூரியன் 1467இல்தான் திரும்பி வந்து அரசை மீட்டார். ஆகவே உங்களுக்கு நடந்தது அந்த அரசனுக்கும் நடந்ததுதான். அவர் பதினேழு வருடம் காத்திருந்தார். பழகிய பிறகு திரும்ப யாழ்ப்பாணத்தை எடுக்கும்போது, முதல் நாளே நேரத்தை நிறுத்தி வைத்து விஜயநகரத்தோடு உறவை வளர்க்கத் தூதனை அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு பெரிய கை இல்லாமல் அந்தச் சிறிய அரசு நிற்காது.

கேமில் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஒரு நிறம் பூசி விடுகிறார்கள், அந்த நிறத்துக்கும் தெற்கே உள்ள நிறத்துக்கும் நடுவில் எங்கள் வன்னி இருந்தது. வன்னிமைகள், அதாவது வன்னித் தலைவர்களின் சிற்றரசுகள், ஒரு காலம் யாழ்ப்பாணத்துக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் திறை கொடுத்தன, அந்தத் திறை காசாக அல்ல, யானையாகப் போனது. இந்தக் காடுகளில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்திக் கொண்டுபோய், ஊர்காவற்றுறையில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். போர்த்துக்கேயர் அந்தத் துறையை யானைகளின் துறை என்றே அழைத்தார்கள், இன்றைக்கும் ஆங்கிலத்தில் கேய்ட்ஸ் என்று எழுதுவது அதிலிருந்து வந்ததே. மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கடலில் முத்து, காட்டில் யானை. வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கம் கண் வைத்ததற்கு இவை இரண்டும் பெரிய காரணங்கள். வணிகத் திரையில் ஒரு எண்ணைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேம் முடிவது 1821இல். வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த 1803 ஓகஸ்ட் 25உம், கற்சிலைமடுவில் தோற்ற ஒக்ரோபர் 31உம் அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. நினைவுக்கல் உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை, பார்க்காவிட்டால் போய்ப் பாருங்கள்.

புதுக்குடியிருப்பான்

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒரு கிழமையாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும், இரண்டு நாள் கரண்ட் இல்லை, மற்ற நாள்களில் விளையாடினேன்.

இரவு டேட்டாவில் ஃப்ரீகொல் இறக்கினேன். புகையிலையை மட்டும் அனுப்பி விலையை நானே விழுத்திவிட்டேன், அந்த ஒரு இரவில் விளங்கியது வேறு எதிலும் விளங்கியிருக்காது. பிறகு போர்த்துக்கல் எடுத்தேன், இப்போது 1471. கடன் இல்லை. குளமும் வாய்க்காலும் என்று பார்த்ததும் வணிக வரைபடம் ஒரே நாளில் தெளிந்தது. ஆபிரிக்கக் கரையோரமாகக் கப்பலை அனுப்புகிறபோது, 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் இவர்கள்தானே என்று நினைக்க நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருந்தது அக்கா. ஆனால் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. கற்சிலைமடுக் கல்லை நேற்று சைக்கிளில் போய்ப் பார்த்தேன்.

ஒரே ஒரு கேள்வி. என்னுடைய சொந்தக் குளம் செவில். அதற்குள் காஸ்டீலும் நிற்கிறது, தண்ணீரில் பெரும் பங்கு அவர்களுக்குப் போகிறது. நட்பு நாடு என்பதால் சண்டை பிடிக்க விருப்பம் இல்லை. என்ன செய்யலாம்?

துருசடி

சண்டை வேண்டாம். இலகு கப்பல்களைக் கூட்டி செவிலில் வணிகத்தைப் பாதுகாக்க விடுங்கள், அந்தக் குளத்தில் உங்கள் பலம் ஏறும். ஒரு தரத்தில் நிறையக் கட்டாமல் இரண்டிரண்டாகக் கட்டி, மாத வருமானம் கப்பலின் செலவை விடக் கூடுகிறதா என்று ஒவ்வொரு தரமும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடாத இடத்தில் நிறுத்துங்கள். அதற்குள் ஆபிரிக்கப் பக்கத்தில் கால் வைத்துவிட்டால், மேற்குளத்தில் ஒரு வணிகனை நிறுத்தி செவில் பக்கம் திருப்பலாம்.