சைன்ஃபெல்ட் டிவிடி: 4:3 படம் பக்கவாட்டில் இழுபடுகிறது, என்ன செய்யலாம்?

சைன்ஃபெல்ட் (90-களின் அமெரிக்க காமெடி சீரியல்) மறுபடி பார்க்க ரீஜியன் 1 (அமெரிக்காவுக்கான) டிவிடி செட் வைத்திருக்கிறேன். படம் 4:3, அதாவது பழைய டிவி வடிவம். (ஸ்ட்ரீமிங் வேண்டாம், 16:9 அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டியதில், 1997-இல் வந்த 'தி பாட்ஹோல்' (சாலைக் குழி) எபிசோடில் அந்தக் குழியே ஃப்ரேமில் இல்லை!)

இருப்பது நியூ ஜெர்சி. 43 இன்ச் டிவி, ஹெச்டிஎம்ஐ உள்ள சாதாரண டிவிடி பிளேயர். போன மாதம் பிளேயர் மாற்றியதிலிருந்து இந்தத் தொல்லை. 1080பி-யில் ஓடவிட்டால் படம் அகலமாக இழுபடுகிறது, சீரியலில் நெட்டையாக வரும் கிரேமரே குள்ளமாகத் தெரிகிறார். டிவி மெனுவில் 4:3 மங்கலாக இருக்கிறது, அழுத்தினால் வேலை செய்யவில்லை. பிளேயரில் '4:3 லெட்டர்பாக்ஸ்' வைத்தும் மாற்றமில்லை. கேபிளும் மாற்றியாச்சு. அவுட்புட்டை 480பி-க்கு இறக்கினால் 4:3 கிடைக்கிறது, ஆனால் ஆள் நகரும்போது விளிம்பெல்லாம் பல்பல்லாகத் தெரிகிறது.

1080பி-யிலேயே இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு 4:3 வர, பிளேயரில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?