மூன்று நாள் சென்னை: அப்பாவோடும் பிள்ளைகளோடும் எங்கே போகலாம்?

கோவில்பட்டிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூரில் இறங்குகிறோம். ஞாயிறு ராத்திரி ஊருக்குத் திரும்ப ரயில். நான், பத்து வயது மகன், ஆறு வயது மகள், என் அப்பா. தங்குவது திருவல்லிக்கேணியில். அப்பாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. தீப்பெட்டி ஆலையில் 34 வருஷம் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்திலும் இருந்தவர். 1979-இல் வேலை தேடி மெட்ராஸ் வந்து இரண்டு ராத்திரி மெரினா மணலில் படுத்திருந்தாராம். அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. வண்டலூர், மியூசியம், மெரினா, பாம்புப் பண்ணை, மாமல்லபுரம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எல்லாம் முடியுமா?

திருவல்லிக்கேணிவாசி:
முடியாது அம்மா. முட்டி வலியோடு பெரியவரும் ஆறு வயதுப் பிள்ளையும் வரும்போது பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். வண்டலூரில் நாள் முழுக்க நடக்க வேண்டும். மாமல்லபுரத்துக்குப் போக வரவே அரை நாள் போய்விடும். இரண்டையும் இன்னொரு தடவைக்கு வையுங்கள்.

முதலில் விடுமுறை நாளைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஸ்டேஷனுக்குப் பக்கம்தானே என்று இறங்கியதும் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்ப்பீர்கள். சனிக்கிழமை காலை போங்கள். 1851-இல் தொடங்கிய இடம், ஒரே மூச்சில் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்குத் திமிங்கில எலும்புக்கூடு, பெரியவருக்கு வெண்கலச் சிலைக் கூடம். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். இடுப்பு வளைவில் அந்த இரண்டு பாதியும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெரினா. வெயில் இறங்கி ஐந்து மணிக்கு மேல் போனால் போதும். உங்கள் அப்பா சங்கத்துக்காரர் என்றீர்களே, அவரைக் கட்டாயம் உழைப்பாளர் சிலைக்குக் கூட்டிப் போங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்பும் சிலை. தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். 1923-இல் சிங்காரவேலர் நடத்தினார். இதைப் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவே சொல்லட்டும். பெரியவருக்கு மணலில் நடப்பது சிரமம். அவர் சிலைப் பக்கம் உட்கார்ந்திருக்கட்டும், பிள்ளைகளை நீங்கள் தண்ணீர் வரை கூட்டிப் போங்கள். ஆனால் கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். மேலே அலை சின்னதாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். திரும்பும்போது தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், ஆளுக்கொரு பொட்டலம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பிள்ளைகள் மிகவும் ரசிப்பது பறக்கும் ரயில்! திருவல்லிக்கேணியில் ஏறி கோட்டூர்புரம் வரை போங்கள். தண்டவாளம் மேலேயே போகும். கீழே பக்கிங்காம் கால்வாய், வீட்டு மொட்டை மாடிகள், கோட்டூர்புரத்துக்கு முன்னால் அடையாறு. என் சின்னவன் இதற்காகவே இறங்க மாட்டேன் என்று அழுதான். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு, காசு கிடையாது. அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரத்தில் பிர்லா கோளரங்கம். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும் முன் கேளுங்கள். ஒன்றே ஒன்று, பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் உயரத்தில் இருக்கின்றன. முட்டி வலிக்காரருக்கு அந்தப் படிகள் கஷ்டம்.

திருவல்லிக்கேணிவாசி:
ஆமாம், அதை நான் மறந்துவிட்டேன். பெரியவர் ஆட்டோவில் நேராக நூலகத்துக்கு வரட்டும். ஞாயிறு காலையில் கிண்டி சிறுவர் பூங்காவும் பக்கத்திலுள்ள பாம்புப் பண்ணையும். இரண்டுக்கும் செவ்வாய்தான் விடுமுறை, உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஞாயிறு என்பதால் மதியத்துக்கு மேல் கூட்டம் தாங்காது, திறந்ததும் உள்ளே போய்விடுங்கள்.

கோவில்பட்டிக்காரி (பத்து நாள் கழித்து):
அண்ணாச்சி, அக்கா, போய் வந்தோம். பறக்கும் ரயிலில் மகள் ஜன்னலை விடவே இல்லை. அப்பாவை ஆட்டோவில் போகச் சொன்னோம், கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறிவிட்டார். பாம்புப் பண்ணைக்குப் போகவில்லை. மகனுக்குச் சளி, ஞாயிறு மதியம் வரை அறையிலேயே இருந்தோம்.

வெள்ளிக்கிழமை உழைப்பாளர் சிலை முன்னால் அப்பா பத்து நிமிஷம் பேசாமல் நின்றார். அப்புறம் மகன் கையைப் பிடித்து, பாறைக்கு அடியில் கோலை எங்கே கொடுத்து நெம்புகிறார்கள், யார் கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். 1979-இல் அவர் படுத்திருந்தது இந்தச் சிலைக்கு நேர் எதிரே, மணலில்தானாம். பக்கத்தில் படுத்திருந்த ஒருவர் விடிந்ததும் தேநீர் வாங்கிக் கொடுத்ததை அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னார். பெயர் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று ரயிலேறும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.